சேறு படாத சொக்ஸ்

மே 11, ஞாயிறு

என் சொக்ஸில் சேறு இல்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கண்டேன். முதல் நாள் முழுக்க மழை பெய்த மைதானம். அணித் தோழி அச்சோல் கடைசி மணிக்குப் பிறகும் தலைமுடிக்குள்ளிருந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எல்லாருடைய சொக்ஸும் கோப்பி நிறம். என்னுடையது மட்டும் அம்மா மடித்துத் தந்தபடியே வெள்ளை.

அம்மா அதை வாளிக்குள் போடப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளையாடினனியோ, இல்லாட்டி நிண்டனியோ?"

"விளையாடினனான்."

"அப்ப நாளைக்கும் இதையே போடலாம்" என்று கொடியில் தொங்கவிட்டார்.

நின்றேன் என்பதுதான் உண்மை. போன வருஷம் வரை இந்த ஆஸ்திரேலிய ஃபுட்பாலில், முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்துக் கையால் பிடிக்கும் ஆட்டத்தில், நடுவில் ஓடியவள் நான். பந்து எங்கே போனாலும் பின்னாலேயே போகலாம். இந்த வருஷம் எங்கள் பயிற்சியாளர் டோனா என்னைப் பின் மூலையில் விட்டிருக்கிறார். எங்கள் நாலு கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில், வேலியோரம். மற்ற அணி பந்தோடு அங்கே வந்தால்தான் எனக்கு வேலை. எங்கள் அணிக்கு நடுவில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பந்து வருவதில்லை.

நான் எதையோ பிழையாகச் செய்திருக்க வேண்டும்.

இந்தக் கொப்பியைத் தந்தது கிளப். நித்திரை, சாப்பாடு, மனநிலை எல்லாம் எழுத வேண்டுமாம். டோனா சிலவேளை வாங்கிப் பார்ப்பார். அதனால் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவுகிறது. டோனா கேட்டால், "நல்லாக நித்திரை கொண்டேன், முட்டை சாப்பிட்டேன்" என்று எழுதியிருப்பதாகச் சொல்வேன்.

மே 14, புதன்

றோல்ஸ், றோல்ஸ், றோல்ஸ். நான் வேலை செய்யும் பவளம் அன்ரியின் சாப்பாட்டுக் கடைக்கு யாரோ பெரிய பிறந்தநாள் ஓடர் கொடுத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு மசித்து, ஆட்டிறைச்சி பிரட்டி, சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் உருட்டினேன். என் விரல்களே றோல்ஸ் மாதிரி ஆகிவிட்டன.

"வாயில என்ன, பூட்டோ?" என்று கேட்டார் அன்ரி. "உன்னோட வேலை செய்யிறது றேடியோ பழுதான வீட்டில இருக்கிற மாதிரி."

மே 15, வியாழன்

இன்றைக்குப் பயிற்சியில் என்ன பிழை என்று கண்டுபிடித்துவிட்டேன். இடது கால்.

எனக்கு இரண்டு காலாலும் உதைக்க வரும். ஆனால் தூரமாகப் போக வேண்டுமென்றால் இடது கால்தான். யோசிக்காமலே வந்துவிடும். இன்று ஒரு பந்து அப்படிப் போய், மைதானத்தின் அந்தப் பக்கத்து வேலிக்கு மேலால் விழுந்தது. அங்கே வேறு கிளப்பின் தொப்பி போட்ட ஒருவர் நாயோடு நின்றார். டோனா கெதியாக என்னிடம் வந்தார்.

"யாட்ஸ், இனிமேல் வலது கால் மட்டும். சரியா, கண்ணே?"

எனக்கு முகம் சுட்டது. சின்ன வயதில் யாருக்காவது இடது கையால் எதையும் கொடுத்தால் அம்மா விரலில் தட்டுவார். பெரியவர்களுக்கு இடதை நீட்டக் கூடாது. இந்த நாட்டில் அதெல்லாம் இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பார்த்தால் இங்கேயும் இருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு முன்னால் உதைத்திருப்பேன்.

"மன்னிக்க வேண்டும், தெரியாது" என்றேன்.

டோனா ஒரு கணம் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்து, தோளைத் தட்டினார். "நல்ல பிள்ளை."

டோனா நல்லவர். என் சப்பாத்து அவர் வாங்கித் தந்தது. மழை என்றால் காரில் கொண்டுவந்து விடுவார். போன தை மாதம் என் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்தார். என் முழுப் பெயர் யதுர்சனா. அவர் அதைச் சொல்லிப் பார்த்து, நாக்குச் சுளுக்கிக்கொண்டதாக நடித்து, யாட்ஸ் என்று வைத்தார். வீட்டில் யது. முழுப் பெயரை டொக்டரின் கிளினிக்கில்தான் கூப்பிடுவார்கள். அதுவும் பிழையாக.

மே 25, ஞாயிறு

வலது காலால் உதைத்தேன், வந்த கொஞ்சப் பந்துகளை. ஒன்று நேராக மற்ற அணிப் பெண்ணின் கைக்குள் போனது. அவள் தாங்க்யூ சொன்னாள்.

சொக்ஸ் வெள்ளை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்கு எங்களுக்கு ஆட்டம் இல்லை. பெரிய பெண்களின் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எங்கள் மில்பரா ஹெரன்ஸ் வழக்கம்போலத் தோற்றது. போன வருஷமும் கடைசி, இந்த வருஷமும் கடைசிதான். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர், "நல்லது, நல்லது, இன்னும் தோற்கட்டும்" என்று சொல்லிக் கைதட்டினார். அவர் எங்கள் கிளப் ஸ்கார்ஃப்தான் போட்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பிடித்தது இடைவேளை. விளையாடுகிறவர்கள் உள்ளே போனதும் சனம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கும். தகப்பன்மார், பிள்ளைகள், மூக்குத்தி போட்ட அக்காமார், எல்லாரும் தங்கள் தங்கள் பந்தைக் கொண்டுவந்து ஒருவருக்கு ஒருவர் உதைப்பார்கள். நீ யார், எந்தக் கிளப், விசா என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. மணி அடித்ததும் கலைந்துபோவார்கள்.

நான் முதன்முதலில் பந்தை உதைத்தது அப்படித்தான். இங்கே வந்த புதிது. பக்கத்து வீட்டு மரியா தன் பிள்ளைகளோடு என்னையும் மைதானத்துக்குக் கூட்டிவந்தார். எனக்கு இங்கிலிஷ் வராது. யாரோ ஒரு பந்தைத் தூக்கி என்னிடம் போட்டார்கள். இடது காலால் உதைத்தேன். பந்து போய்க்கொண்டே இருந்தது. "அடடா" என்ற மாதிரி ஏதோ ஒரு சொல்லைப் பல பேர் சொன்னார்கள். நான் கற்ற முதல் இங்கிலிஷ் சொற்களில் அது ஒன்று. அம்மாவிடம் வந்து சொன்னபோதுதான் அது கெட்ட வார்த்தை என்று தெரிந்தது.

ஜூன் 19, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை சோதனை நாள். பெண்கள் லீக்கின் எல்லாக் கிளப்புகளிலிருந்தும் ஆள் பிடிக்கிறவர்கள் வந்து நின்று, ஓட்டம், பாய்ச்சல், உதை எல்லாவற்றையும் அளப்பார்கள். வருஷக் கடைசியில் டிராஃப்ட். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கிளப்பும் தெரிவுசெய்த பிள்ளையின் பெயரைச் சொல்வார். முழுப் பெயரை.

டோனா போன் எடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நீ வரத் தேவையில்லை, கண்ணே. உனக்குத் தொடைத் தசை பிடித்து நோ."

"எனக்கு நோ இல்லை."

"இருக்கிறது. கொஞ்சம். போன ஆட்டத்தில் ஓடின விதத்தில் நான் கண்டேன். பயப்படாதே, ஓய்வு எடு."

போன ஆட்டத்தில் நான் ஓடவே இல்லை.

தொடையை அமத்திப் பார்த்தேன். படியில் ஏறி இறங்கினேன். குந்தி எழும்பினேன். இருந்தாலும் இருக்கும், எனக்குத்தான் தெரியவில்லையோ என்று இன்னொருமுறை அமத்தினேன்.

ஜூன் 22, ஞாயிறு

அவர்கள் பாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அச்சோல் கடைக்கு வந்தாள். அச்சோலின் வீட்டார் தென் சூடானிலிருந்து வந்தவர்கள். என்னைப் போலவே அவளும் ஹெரன்ஸ் அகாடமிப் பிள்ளை. புதிதாக இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று கிளப் நடத்தும் அகாடமி அது. அவள் கதவுக்குள் குனிந்துதான் வர வேண்டும். பவளம் அன்ரிக்கு அவளைப் பிடிக்கும், ஏனென்றால் அவள் ஒரே இருப்பில் ஆறு றோல்ஸ் தின்பாள்.

"உன் நோ எப்படி?" என்றாள்.

"எனக்கு நோ இல்லை."

"தெரியும். யதூ, நீ உண்மையிலேயே மொக்கா, அல்லது நடிக்கிறாயா?"

(அச்சோலுக்கு என் பெயர் சொல்ல வரும். அவளுடைய பெயரை டோனா 'ஏஸ்' என்று வெட்டியபோது, "இல்லை, அச்சோல்" என்று மூன்று கிழமை திருத்தித் திருத்தியே ஆளைக் களைக்கவைத்தவள்.)

வாயில் றோல்ஸோடு அவள் சொன்னதை என் வசனத்தில் எழுதுகிறேன். கடைசியாக வந்த அணிதான் டிராஃப்டில் முதலாவதாகத் தெரிவுசெய்யும். பலவீனமான அணிக்கு நல்ல பிள்ளை கிடைத்து, காலப்போக்கில் எல்லா அணியும் சமமாக வர வேண்டும் என்று வைத்த முறை. அந்தக் கிழவர் கைதட்டியது அதற்குத்தான். ஆனால் அகாடமிப் பிள்ளைகளுக்கு வேறு விதி. வளர்த்த கிளப்புக்கு முதல் உரிமை. வேறு கிளப் எங்கள் பெயரைச் சொன்னால், ஹெரன்ஸ் அதே பெறுமதியான ஒரு தெரிவைக் கொடுத்துத்தான் எங்களை வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் எங்கள் பெயரைச் சொல்லாவிட்டால்?

"கடைசியில், சட்டியில் மிஞ்சினதை வழிக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளலாம்" என்றாள். "அப்படியென்றால் மற்றக் கிளப்புகள் உன்னைக் காணாமல் இருக்க வேண்டும்தானே? பின் மூலை. வலது கால். தொடை நோ."

நான் பாண்தூள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பவளம் அன்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு வைப்பார். சினைத் துண்டை எடுத்துச் சட்டியின் அடியில், புளி மண்டிக்குக் கீழே புதைத்துவைப்பார். வாடிக்கையாளர் கரண்டி விட்டுத் துழாவினாலும் அகப்படாது. கடை பூட்டும்போது எடுத்துத் தன் தட்டில் போடுவார்.

"ஏன் உன்னை ஒளிக்கவில்லை?" என்று கேட்டேன்.

"என் உயரத்தைப் பார். என்னை எங்கே ஒளிப்பது?" என்றாள் அச்சோல். "நீ சுகம். நீ எப்படியும் ஒளிந்துகொண்டுதானே இருக்கிறாய்."

அவள் போன பிறகு அன்ரி கேட்டார், "என்னடி அந்த நெட்டைப் பிள்ளை உனக்குப் பேசிப்போட்டுப் போகுது?"

"சும்மா கதைச்சவ அன்ரி."

எனக்குக் கோபம் இல்லை. அச்சோல் சில நேரம் கூட்டித்தான் சொல்வாள்.

ஜூன் 23, திங்கள்

மன்னிப்புக் கேட்டேனே. இடது காலுக்கு. நான் மன்னிப்புக் கேட்டேன். டோனா "நல்ல பிள்ளை" என்றார்.

ஜூலை 3, வியாழன்

பயிற்சி முடியும்போது மழை. டோனா காரில் ஏறச் சொன்னார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். சிவப்பு வந்தது, பச்சை வந்தது, இன்னொரு சிவப்பு வந்தது. கடைசியில் நான் கேட்கவில்லை. டோனாவே தொடங்கினார். அச்சோல் அவரிடம் நேரே போய்ச் சத்தம் போட்டிருக்கிறாள்.

"அச்சோல் சொன்னதெல்லாம் பிழை என்று சொல்லமாட்டேன்" என்றார். "ஆனால் நீ இதைத் தண்டனை என்று நினைக்கக் கூடாது. உன்னை ஒளிக்கிறோம் என்றால் நீ அவ்வளவு நல்லாக விளையாடுகிறாய் என்று அர்த்தம். அடிலெய்டில் ரூபி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். முதல் தெரிவில் அவளை எடுக்கலாம். கடைசித் தெரிவில் உன்னை. எங்களை மாதிரி ஒன்றுமில்லாத கிளப் வேறு எப்படி எழும்பும், சொல்லு? எல்லாரும் ஏதோ ஒன்று செய்கிறார்கள்."

வைப்பர் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது.

"கடைசித் தெரிவில் நான் நிச்சயமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது.

"அது கிரேகின் முடிவு." கிரேக் என்பவர்தான் கிளப்பில் ஆட்களைத் தெரிவுசெய்கிறவர். என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. "இடம் இருந்தால் கட்டாயம் எடுப்பார். இல்லாவிட்டாலும் என்ன, இன்னொரு வருஷம் அகாடமியில் இருக்கலாம்தானே. நீ எங்கே போகப் போகிறாய், யாட்ஸ்?"

சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார்.

வரும் தை மாதம் எனக்குப் பதினெட்டு. அகாடமி பதினெட்டோடு முடிந்துவிடும். கேக்கில் பதினேழு என்று ஐசிங்கில் எழுதுவித்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

வீட்டு வாசலில் அம்மா குடையோடு வந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தாங்க்யூ தாங்க்யூ" என்று பத்து முறை சொல்லி, காருக்குள் ஒரு பெட்டி றோல்ஸ் வைத்தார். நான் சுற்றிய றோல்ஸ்.

ஜூலை 6, ஞாயிறு

எனக்குக் கோபம் இல்லை.

சொக்ஸ் வெள்ளை. கழுவாமலே அலுமாரிக்குள் வைத்தேன்.

ஜூலை 9, புதன்

பவளம் அன்ரி வந்து கத்தியை என் கையிலிருந்து வாங்கினார். "வெங்காயத்தை வெட்டச் சொன்னால் பலகையை வெட்டுறாய். ஆரில கோவம்?"

"ஒருத்தரிலயும் இல்லை."

"அப்ப வாழ்த்துக்கள். போய் உருளைக்கிழங்கை மசி. அதுக்கு இந்த முகம் சரியா இருக்கும்."

ஜூலை 13, ஞாயிறு

ஒரு வசனம் தயாரித்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னேன். 'நான் நடுவில் விளையாட விரும்புகிறேன்.' அவ்வளவுதான். இங்கிலிஷில் அது இன்னும் சின்ன வசனம்.

உடுப்பு மாற்றும் அறையில் டோனா பலகையில் காந்தங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காந்தத்திலும் ஒரு பெயர். என்னுடையது பின் மூலையில், பலகையின் விளிம்புக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன, யாட்ஸ்?"

வாய் திறந்தது. வசனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் இப்படித்தான். விடை தெரியும், கை உயராது. மிஸ் வேறு ஆளைக் கேட்டுவிடுவார்.

"தண்ணீர்ப் போத்தல் எங்கே?" என்று கேட்டேன்.

போத்தல் என் கையில் இருந்தது.

இன்றைக்கு மட்டும் டோனாவில் உள்ள கோபத்தைவிட என்னில் உள்ள கோபம் கூட. இருக்கிறது, கோபம். எழுதிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். சொல்ல நினைக்கவில்லை. அவர் டோனாவுக்குக் கொடுக்க ஒரு சேலைத் துணியில் மேசைவிரிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வந்துவிட்டது. மூலை, கால், தொடை, ரூபி எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா ஊசியை நிறுத்தவில்லை.

"அந்த மனிசி எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கு. சப்பாத்து வாங்கித் தந்தது ஆர்? மழைக்க கொண்டுவந்து விட்டது ஆர்? ஏதும் காரணம் இருக்கும் யது."

"இடது காலால உதைக்க வேண்டாமெண்டு சொன்னவ."

"ஏன், இடதுக்கு என்னவாம்?"

"நான் மரியாதை இல்லையாக்கும் எண்டு நினைச்சன். நீங்கள்தானே சின்னனில இடது கையால குடுத்தால் தட்டுவீங்கள்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அது கைக்குத்தான் பிள்ளை. சாப்பாட்டுக் கை. காலுக்கு என்ன மரியாதை? ரெண்டு காலும் நிலத்திலதானே நிக்குது!" சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தினார்.

"வாயைத் திறந்து கேக்கிறதுக்கென்ன? பேசாமல் இருந்தால் எல்லாரும் உனக்குச் சம்மதம் எண்டுதான் நினைப்பினம்."

"நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்களோ?"

எப்படி வந்தது என்று தெரியவில்லை. போன வருஷம் கோழிப் பண்ணை வேலையில் அம்மாவின் இடுப்பு பிடித்து, வேலையும் போனது. அப்போது நான் பத்தாம் வகுப்பு. பவளம் அன்ரி, ஆள் வேண்டும் என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

"நான் உன்னைப் பள்ளிக்கூடத்தால நிக்கச் சொல்லேல்லை" என்றார் அம்மா.

"வேண்டாமெண்டும் சொல்லேல்லை."

அம்மா மேசைவிரிப்பை, தைத்தும் தைக்காமலும், மடித்து அலுமாரியில் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு விளையாட்டு?" என்று கேட்டார். இதுவரை அவர் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை.

ஜூலை 26, சனி

நாளைக்குத்தான் கடைசி ஆட்டம். அகாடமிப் பிள்ளைகளைப் பார்க்க எல்லாக் கிளப்பும் வரும். இதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

பின்னேரம் அணி விபரம் போனுக்கு வந்தது. என் பெயர் கடைசியில் இருந்தது. 'யாட்ஸ், தொடைத் தசை, விளையாடமாட்டார்.'

பின் மூலைகூட இல்லை.

டோனாவுக்கு எழுதினேன்: 'எனக்கு நோ இல்லை.' உடனே பதில் வந்தது. ஒரு இதயப் படம். அதற்குக் கீழே: 'நாளை என் பக்கத்தில் இரு, கண்ணே. ஐஸ் கட்டிக்கொண்டு.'

ஜூலை 27, ஞாயிறு

ஐஸ் கட்டினார்கள். சுகமான தொடையில் ஐஸ் பையை வைத்து, பிளாஸ்ரிக் தாளால் சுற்றிச் சுற்றி, ஊன்றுகோலும் தந்தார்கள். ஊன்றுகோல் கிரேகின் யோசனை. முதன்முதலாக என்னோடு கதைத்தார். "இதையும் பிடித்துக்கொள்" என்றார்.

எதிர்ப் பக்கத்துக் கம்பங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடை. அங்கே ஆள் பிடிக்கிறவர்களின் தொப்பிகள். ஒவ்வொரு தொப்பியும் ஒவ்வொரு நிறம். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அச்சோல் ஒருத்திக்கு மேலால் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது எல்லாத் தொப்பியும் ஒரே நேரத்தில் குனிந்து எழுதின. இரண்டொருவர் என்னையும் பார்த்தார்கள். ஐஸைப் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை.

பின் மூலையில் எனக்குப் பதிலாக ஒரு பிள்ளை நின்றாள். பந்து அவளிடமும் போகவில்லை.

தொடை முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது, பிறகு மரத்துப்போனது. நோ இல்லாத இடத்தில் நோ வந்துவிட்டது. 'இப்போது நீங்கள் சொன்னது உண்மை' என்று டோனாவிடம் சொல்லலாம் போல இருந்தது. டோனா எனக்கு ஒரு போர்வை கொண்டுவந்து மடியில் போட்டார். குளிரும் என்றார். அந்தப் போர்வையைத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இடைவேளை மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். "நீ இங்கேயே இரு, நடக்காதே" என்றார் டோனா.

சனம் வேலியைத் தாண்டத் தொடங்கியது. பந்துகள் மேலே போய்க் கீழே வந்தன. அந்தக் கூட்டத்துக்குள், குளிர்க்கோட்டுக்கு மேல் இன்னொரு குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் றோல்ஸ் பெட்டியோடு அம்மா நடந்துவந்தார்.

"இதென்ன கோயில் வீதி மாதிரி எல்லாரும் உள்ளுக்க போகினம்? போகலாமோ?"

"போகலாம். ஆரும் போகலாம்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது.

அம்மா என் தொடையைப் பார்த்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். "காலில என்ன?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் கட்டியிருக்கு?"

பிளாஸ்ரிக் தாளின் நுனியைத் தேடினேன். அகப்படவில்லை. பல்லால் கிழித்தேன். ஐஸ் பையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். அதற்கு மேல் போர்வையை வைத்தேன். ஊன்றுகோலை நான் இருந்த வாங்கில் சாத்தினேன்.

"இதுகளைப் பிடியுங்கோ அம்மா."

"எங்கயடி போறாய்?"

வேலியைத் தாண்டினேன். கால் மரத்திருந்ததால் இறங்கும்போது சறுக்கி, முழங்காலில் விழுந்து, எழும்பினேன். எதிர்ப் பக்கக் கம்பங்களை நோக்கி நடந்தேன். பிறகு ஓடினேன். மேடையில் தொப்பிகள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' தின்றுகொண்டிருந்தன. அவர்களுக்கு முன்னால், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தகப்பன் தன் மகளுக்குப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாத மனிதர்.

"எனக்கு ஒன்று தருவீர்களா?" என்றேன். கேட்கவில்லை அவருக்கு.

"எனக்கு ஒரு பந்து!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

அவர் சிரித்துக்கொண்டு பந்தைத் தூக்கிப் போட்டார். நான் வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் போதும் என்று கை காட்டிய இடத்தையும் தாண்டிப் போனேன். நடு வட்டத்துக்குக் கிட்டப் போய்த் திரும்பினேன். உடுப்பு மாற்றும் அறைப் பக்கமிருந்து யாரோ "யாட்ஸ்! யாட்ஸ்!" என்று கூப்பிட்டார்கள். டோனாவின் குரல்தான்.

பந்தைக் கையிலிருந்து விட்டு, இடது காலால் உதைத்தேன்.

அது நடு இரண்டு கம்பங்களுக்கும் இடையால், தலைகளுக்கு மேலால் போய், மேடைத் தகரத்தில் 'டங்' என்று விழுந்தது. யாருடைய 'பை'யோ கீழே விழுந்தது.

"யாட்ஸ்!"

சிவப்புத் தொப்பிக்காரரின் மகள் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து என்னிடம் உதைத்தாள். அது என் முன்னால் சேற்றில் விழுந்தது. நான் குனிந்து எடுத்து, மேற்சட்டையில் துடைத்துவிட்டு, இன்னும் பின்னால் போனேன்.